மூன்று மாடி நன்செய்

"உங்க நிலத்துல இருபத்தெட்டு வீடு இருக்கும்மா. வீடு கட்டின இடத்துக்கெல்லாம் ஏரி வண்டல் தர முடியாது" என்றார் ஸ்ரீரங்கன்.

லோகநாயகி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரிடமாவது சொல்கிறாரோ என்று. யாரும் இல்லை. தாலுகா ஆபீசில் கனிமப் பிரிவு மேஜைக்கு முன்னால் அவள் ஒருத்திதான் நின்றிருந்தாள், கையில் மஞ்சள் பையோடு. பையில் பத்திர நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ, கூடவே ஒரு கட்டு அரைக்கீரை. கீரை ஸ்ரீரங்கனுக்கு. வெறுங்கையோடு போகக் கூடாத இடங்கள் இரண்டு, கோயிலும் தாலுகா ஆபீசும் என்று அவள் மாமனார் சொல்லுவார். கோயிலிலாவது பாதித் தேங்காய் திரும்பி வரும்.

"இன்னா சார் சொல்றீங்க? அது கீரைக் கொல்ல சார். இருவது சென்ட்டு. நேத்துகூட அங்கதான் கல்லு பொறுக்கினு இருந்தேன். வூடு எங்க கீது? ஒரு கொட்டாகூட கெடயாது."

"புல எண் எண்பத்தெட்டு மூணு ஏ. லோகநாயகி, கணவர் பெயர் வெற்றிவேல். நீங்கதானே?"

"நான்தான்."

"வகைப்பாடு, மனை. குறிப்பு, அடுக்குமாடிக் குடியிருப்பு, இருபத்தெட்டு வீடு." ஸ்ரீரங்கன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க. சிஸ்டம் பொய் சொல்லுமா?"

சிஸ்டம் பொய் சொல்லாதுதான். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். சொல்லிக்கொடுத்தவன் இவரைப் போல நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்காத இன்னொரு மகான்.

ஸ்ரீரங்கனைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் லஞ்சம் வாங்க மாட்டார். கீரைக்கட்டு லஞ்சத்தில் சேராது என்பது அவருடைய கொள்கை. இருபத்தாறு வருஷ சர்வீசில் எந்த ஏரிக்கரையிலும் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த ஏரியில் எது யாருக்குச் சொந்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். தண்ணீர் ஒரு துறைக்கு, தண்ணீருக்கு அடியில் இருக்கும் மண் இன்னொரு துறைக்கு, மீன் மூன்றாவது துறைக்கு, கரையில் நிற்கும் பனை, முளைக்கும் கோரை, காய்ந்து விழும் சுள்ளி எல்லாம் நாலாவது துறைக்கு. ஊர்க்காரனுக்கு என்ன என்று கேட்டால் கொசுவைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், உரத்துக்கு ஆகட்டும் என்று லோகநாயகி ஏரியிலிருந்து இரண்டு கூடை ஆகாயத்தாமரையை வாரினாள். "அரசு நீர்நிலையில் உள்ள தாவரப் பொருளை அனுமதியின்றி அகற்றியது" என்று அவளுக்கு நோட்டீஸ் விட்டது இதே ஸ்ரீரங்கன்தான். அதே வருஷம் அதே ஆகாயத்தாமரையை எடுத்துத் தொலைக்க டெண்டரும் விட்டார்கள். டெண்டர் எடுத்தவன் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான். ஆகாயத்தாமரை இன்றைக்கும் ஏரி நடுவில் மிச்சமிருக்கும் குட்டையில் சௌக்கியமாக இருக்கிறது.

"அப்போ எனுக்கு மண்ணு கெடைக்காதா சார்?"

"விவசாய நிலம் வச்சிருக்கறவங்களுக்கு இலவசம். அரசாங்கம் விவசாயிக்குன்னுதான் இந்த விதியையே போட்டிருக்கு. நீங்க விவசாயியா இருந்தா இன்னிக்கே தந்திருப்பேன்" என்று ஸ்ரீரங்கன் மிகவும் அன்பாகச் சொன்னார். கீரைக்கட்டை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

லோகநாயகிக்கு நாற்பத்தெட்டு வயது. நல்லேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே அந்த இருபது சென்ட்டில் இருபத்தைந்து வருஷமாகக் கீரை போடுகிறாள். விடியற்காலையில் அறுத்து, கட்டி, சேலையூர் கேம்ப் ரோட்டில் கொண்டுபோய் உட்காருவாள். ஒன்பது மணிக்கெல்லாம் கூடை காலி. அந்த நிலத்தை மாமனார் தன் மகன் பேருக்கு எழுதாமல் மருமகள் பேருக்கு எழுதிவைத்தார். மகன் வெற்றிவேல் கையில் எது கிடைத்தாலும் விற்றுவிடுவான் என்பது பெற்றவருக்குத் தெரியும். அவன் இப்போது மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.

பக்கத்து முப்பது சென்ட் பங்காளி அரிகிருஷ்ணனுடையது. அவர் போனபிறகு அவர் மகன் குமரவேல் அதில் ஆறடி உயரத்துக்கு ரப்பிஷ் கொட்டி மேடாக்கி, பசுங்கதிர் ரெசிடென்சி என்று மூன்று மாடிக் கட்டடம் எழுப்பி வீடு வீடாக விற்றுவிட்டான். நெல் விளைந்த மண்ணைப் புதைத்துவிட்டு அதற்குப் பசுங்கதிர் என்று பெயர் வைக்கிறவனுக்கு எவ்வளவு தடித்த தோல் இருக்க வேண்டும்! போன கார்த்திகை மழையில் அந்த மேட்டுத் தண்ணீர் முழுவதும் காம்பவுண்டுச் சுவரின் ஓட்டைகள் வழியாக லோகநாயகியின் கொல்லையில் பாய்ந்தது. இரண்டே நாள். இருபத்தைந்து வருஷம் எரு போட்டுப் பதப்படுத்திய மேல்மண்ணை வழித்து எடுத்துக்கொண்டு கால்வாயில் போய்ச் சேர்ந்தது. மிச்சம் இருந்தது சரளைக்கல்லும் கட்டடத் துண்டும்தான். அன்றிலிருந்து அவள் மார்க்கெட்டில் கீரை வாங்கி வந்து விற்கிறாள். வாடிக்கைக்காரர்கள் கட்டைத் தூக்கிப் பார்த்து, "உங்க கீரை மாதிரி இல்லையே" என்று சொல்லும்போது அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

"ஆடி வரிக்கும் பாரு" என்று வெற்றிவேல் சொல்லிவிட்டான். "ஆடிப்பட்டத்துல வெத போட முடியலன்னா குமரவேலுக்கு எழுதிக் குடுத்துடலாம். அவன் கேட்டுகினேதான் கீறான்."

அவளுக்கு வேண்டியது நாலு விரல் உயரத்துக்கு ஏரி வண்டல். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. மண் கண்ணெதிரே இருந்தது. மழை வந்து ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டால் அதுவும் போச்சு. வைகாசி பிறந்துவிட்டது.

தாலுகா ஆபீசிலிருந்து அவள் நேராக அஜீசாவின் கடைக்குப் போனாள். கேம்ப் ரோட்டில் அவள் கூடை வைக்கும் இடத்துக்குப் பின்னால்தான் அஜீசாவின் இ-சேவைக் கடை. சாதிச் சான்றிதழ், பென்ஷன், பட்டா எதற்கு விண்ணப்பம் போடுவதென்றாலும் அக்கம்பக்கத்துக்கு அஜீசாதான். லோகநாயகியிடம் முருங்கைக்கீரைக்குப் பேரம் பேசாத ஒரே ஆள்.

"உங்களுது மனைன்னா, அக்கா, அப்போ பக்கத்து நம்பர் என்னன்னு பாப்போம்" என்று அஜீசா தட்டினாள். திரையைப் பார்த்தவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா அஜீசா?"

"88/3பி. உரிமையாளர் குமரவேல். வகைப்பாடு, நன்செய். பயிர், நெல். போன வருஷமும் நெல்லு. அதுக்கு முந்தின வருஷமும் நெல்லு. எட்டு வருஷமா நெல்லுதான்க்கா!"

"எங்க வெளையுதாம், மொட்ட மாடிலயா?"

விஷயம் இதுதான். கட்டடம் கட்டுவதற்காகக் குமரவேல் தன் நன்செயை மனையாக மாற்ற மனுப் போட்டிருக்கிறான். உத்தரவு வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய புண்ணியவான் பி-யில் ஏற்றவேண்டியதை ஏ-யில் ஏற்றிவிட்டான். கீரைக் கொல்லை அடுக்குமாடி ஆகிவிட்டது, அடுக்குமாடி வயலாகவே நின்றுவிட்டது. குமரவேலுக்கு இது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். மூன்று மாடியை நெல்லில் மறைத்தவன் இவன் ஒருத்தன்தான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏடு குமரவேல் மாதிரி ஆளின் கையில் இருந்தால் விருந்தே வைக்கும். கார் நிற்கும் இடத்தில் நெல் மூழ்கிப்போனதாக வெள்ள நிவாரணம் வாங்கினான். கோடைக்குக் கோடை தன் "வயலுக்கு" என்று இலவச வண்டல் பர்மிட் வாங்கி, அள்ளிய மண்ணை மாடித் தோட்டக்காரர்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் லோடு லோடாக விற்றான். ஒவ்வொரு வருஷமும் அடங்கல் என்கிற பயிர்ப் பதிவேட்டில் நெல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் கிராம நிர்வாக அலுவலர் ஐசக். அவரை லோகநாயகி மறுநாளே மடக்கினாள்.

"ஏன் சார், அந்த வூட்டாண்ட ஒருநாளாச்சும் வந்து பாத்தியா?"

"பாக்க வேண்டியதில்லம்மா. பதிவேட்டுல நன்செய்னு இருக்கு. நன்செய்ல நெல்லு எழுதறது வழக்கம். வேற என்னத்த எழுதறது? வீடுன்னு எழுதினா, நன்செய்ல எப்படி வீடு வந்துச்சுன்னு என்னைக் கேப்பாங்க."

"அப்போ என்னுத மாத்திக் குடு."

"மனுப் போடுங்க. கோட்டாட்சியருக்குப் போகும். அங்கேருந்து எங்கிட்ட அறிக்கை கேப்பாங்க. நான் எழுதணும்" என்றார் ஐசக். "ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும்."

எட்டு வருஷமாக நான் எழுதியது பொய் என்று ஐசக்கே அறிக்கை எழுத வேண்டும். அதற்கு ஒரு வருஷமென்ன, ஒரு ஜென்மமும் போதாது. மனுப் போட்டாள். ரசீது கொடுத்தார்கள். ரசீது கொடுப்பதில் மட்டும் அந்த ஆபீசில் தாமதமே கிடையாது.

ஆனி மாதம் முதல் வாரம், ஏரியில் ஜேசிபி இறங்கியது. லோகநாயகி கரையில் போய் நின்றாள். வண்டல் கறுப்பாக, வழுவழுவென்று, வெட்டின அல்வாபோல வந்துகொண்டிருந்தது. ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாள். அழுகை வந்தது. குமரவேல் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாசுமாக வந்தான்.

"இன்னா அண்ணி, வெயில்ல வந்து நிக்கற?"

"ஏரிய பாக்க வந்தேன். பாக்கறதுக்கும் பர்மிட்டு வேணுமா?"

"மண்ணு வேணும்னா எங்கிட்ட கேளு. வெளியாளுக்கு லோடு ஆறாயிரம். நீ சொந்தம், அஞ்சு குடு."

"நம்ம ஏரி மண்ண எனுக்கே விக்கறியா?"

"நம்ம ஏரியா? கவுர்மெண்ட்டு ஏரி அண்ணி. பேப்பரு எவங்கிட்ட கீதோ அவனுக்குத்தான் மண்ணு." கூலிங் கிளாசைக் கழற்றாமலே சிரித்தான். "எதுக்குப் பேஜாரு? கொல்லைய எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு. அண்ணன்கூட சரின்னுட்டாரு."

அவள் கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டாள். அந்த ஒரு பிடியைக்கூட இவனிடமிருந்து எடுத்துப்போக அவளுக்கு அருவருப்பாக இருந்தது. திரும்பும்போது டிப்பர் லாரியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பர்மிட் கண்ணில் பட்டது. போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அஜீசா படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். பன்னிரண்டு நிபந்தனைகள். யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் பொடி எழுத்தில் அடித்திருந்தார்கள். ஒன்பதாவது, அனுமதிக்கப்பட்ட புல எண்ணில் மட்டுமே மண்ணைக் கொட்ட வேண்டும். பத்தாவது, கொட்டிய மண்ணை அங்கிருந்து வேறு இடத்துக்கு வாகனத்தில் கொண்டுசெல்லக் கூடாது, மீறினால் வாகனம் பறிமுதல்.

லோகநாயகி ஒன்பதாவதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, "அஜீசா, குமரவேலு பாவம்ல? அவன் வயலுக்கு ஒரு லோடுகூட வந்து சேரலியே" என்றாள்.

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து ஆட்சியரின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பிய மனு இப்படி இருந்தது:

"ஐயா, என் நிலத்துக்கு அடுத்த புல எண் 88/3பி-யில் திரு. குமரவேல் அவர்கள் எட்டு ஆண்டுகளாக நெல் பயிரிட்டு வருவது அரசுப் பதிவேட்டில் தெளிவாக உள்ளது. அந்த விவசாயிக்கு அனுமதித்த வண்டல் மண் அவருடைய வயலுக்கு வந்து சேராமல் வேறெங்கோ போகிறது. நிபந்தனை ஒன்பதின்படி மண் அவருடைய வயலில்தான் கொட்டப்படுகிறதா என்பதை அதிகாரிகள் நேரில் உறுதிசெய்து, புகைப்படத்துடன் பதில் தர வேண்டுகிறேன்."

நேரில் வருவார்கள், கட்டடத்தைப் பார்ப்பார்கள், பதிவேட்டைத் திருத்துவார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். பாவம், அவர்களுக்குக் கண் இருக்கிறது என்று அவள் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

மனு எண்ணோடு மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் ஆபீசில் என்ன நடந்தது என்பதை ஐசக்கே பிற்பாடு அவளிடம் சொன்னார். எண் போட்ட மனுவைக் குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும். வயலே இல்லை என்று எழுதினால் அடங்கல் எழுதிய ஐசக், பர்மிட்டுக்குக் குறிப்பு எழுதிய ஸ்ரீரங்கன், நிவாரணம் கொடுத்தவர், மேலொப்பம் போட்டவர் என்று வரிசையாகத் தலை உருளும். வயல் இருக்கிறது, மண் வந்து சேர்ந்தது என்று எழுதினால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு போட்டோ மட்டும் வேண்டும், அட்சரேகை தீர்க்கரேகையோடு. ஸ்ரீரங்கன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "விதிப்படி அந்தப் புல எண்ணில் மண் கொட்டினால் சரி. அங்கே வேற என்ன இருக்குன்னு நிபந்தனையில் கேக்கல" என்றாராம். அத்தனை பேரும் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அந்தப் புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு, வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஓஎம்ஆர் ஆபீசுகளுக்குப் போயிருந்த நேரம், பசுங்கதிர் ரெசிடென்சி வாசலில் அரசாங்க ஜீப் ஒன்று வந்து நின்றது. பின்னால் வண்டல் ஏற்றிய குமரவேலின் டிப்பர்கள். ஜீப்பைப் பார்த்ததும் செக்யூரிட்டி சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தான். பன்னிரண்டு லோடு. கார் நிறுத்தும் இடத்தில் எட்டு, குழந்தைகள் ஊஞ்சல் ஆடும் இடத்தில் நாலு.

லோகநாயகி தன் கொல்லையில் பொறுக்கிக் குவித்த கல்மேட்டில் ஏறிச் சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐசக் போனைத் தூக்கிக்கொண்டு மண்மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பால்கனி, அதில் ஒரு நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அந்த அரசு ஊழியர் வண்டலில் குப்புறப் படுத்து, மண்ணும் வானமும் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். எழுந்தபோது சட்டையின் முன்பக்கம் பூராவும் கறுப்பு. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கொல்லையில் அன்றைக்குத்தான். "புல எண் 88/3பி நன்செய் நிலத்தில் வண்டல் மண் கொட்டப்பட்டது. மனு முடித்துவைக்கப்பட்டது" என்று அவள் போனுக்கு மூன்று மணிக்கே செய்தி வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் காலடியில் கிடந்த சரளைக்கல்லைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டிய மண், அவள் சுவருக்கு அந்தப் பக்கம், கார் டயருக்கு அடியில் கிடந்தது. ஆடி பிறக்க இன்னும் பதினெட்டு நாள்தான்.

சாயங்காலம் பசுங்கதிர்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். காரை நிறுத்த இடமில்லாமல் தெருவெல்லாம் ஹாரன். சங்கச் செயலாளர் வினிதா, ஐடி கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிறவள், போலீசுக்குப் போன் போட்டாள். மண் விஷயமா, தாலுகா ஆபீசுக்குப் போங்க என்றார்கள். குமரவேலுக்குப் போட்டாள். சுவிட்ச் ஆஃப். அவன் கோவளத்துப் பக்கம் சிநேகிதன் வீட்டில் போய்ப் பதுங்கியிருந்தான். மண்ணை அள்ளிப்போக வந்த லாரிக்காரர்கள், வாகனம் பறிமுதல் என்கிற பத்தாவது நிபந்தனையைக் கேள்விப்பட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை ஸ்ரீரங்கனையே வரவழைத்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவர் நேரில் பார்த்த முதல் வண்டல் அது. ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் லோகநாயகி அதே கல்மேட்டில் ஏறி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், திஸ் இஸ் எ ரெசிடென்ஷியல் காம்ப்ளெக்ஸ். எப்படி சார் இங்க மண் கொட்டுவீங்க?" என்றாள் வினிதா.

"ரெக்கார்டுப்படி இது நெல் வயல்மா. நீங்க வயல்ல குடியிருக்கீங்க. வேணும்னா பதிவேட்டைத் திருத்தச் சொல்லி மனுக் குடுங்க. விசாரணை நடக்கும், பேப்பர்ல வரும்."

வினிதா மற்றவர்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் வங்கிக் கடன் பாதி பாக்கி. "ரெக்கார்ட் மேட்டரை நாம டச் பண்ண வேண்டாம். ரீசேல் வேல்யூ போயிடும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அத்தனை படித்த தலைகளும் ஒன்றாக ஆடின. பதிவேட்டில் தன் கொல்லை இவர்கள் வீட்டைத் தலையில் சுமப்பது பற்றி இவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை என்று லோகநாயகிக்குப் புரிந்தது. புரிந்ததும், இத்தனை நாள் மனுவும் ரசீதுமாக அலைந்தது போதும் என்று தோன்றிவிட்டது.

"சார்!" என்று கூப்பிட்டாள்.

சுவருக்கு மேல் தெரிந்த தலையைப் பார்த்து ஸ்ரீரங்கன் கண்ணைச் சுருக்கினார். "யாரும்மா?"

"இருபத்தெட்டு வூட்டுக்காரி சார். ஒரு சந்தேகம். கொட்டன மண்ண வண்டில தானே எடுத்துனு போகக் கூடாது?"

"ஆமா. வாகனத்தில் கொண்டுசெல்லக் கூடாது."

"கையால வாரி இந்தாண்ட தள்ளினா?"

ஸ்ரீரங்கன் உத்தரவு நகலை எடுத்தார். புரட்டினார். நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தார். அவர் முகத்தில் ஒரு வலி தெரிந்தது. ஒரு விதியைக் கடைசிவரை தேடியும் கிடைக்காத வலி.

"கையால் அகற்றுவது பற்றி இதில் ஒன்றும் சொல்லவில்லை" என்றார்.

"வீல்பேரோ?" என்று ஒருவர் கேட்டார்.

"சக்கரம் இருந்தா வாகனம்தான்" என்றார் ஸ்ரீரங்கன், உடனே, தெம்பு வந்தவராக.

அந்தச் சனி ஞாயிறும் அடுத்த சனி ஞாயிறும் பசுங்கதிர்க்காரர்கள் இரும்புச் சட்டியில் மண் சுமந்தார்கள். ஷார்ட்சும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக வரிசையில் நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். அவர்கள் பக்கம் சுவர் இடுப்புயரம்தான், தரையை ஆறடி தூக்கியிருந்தார்கள் அல்லவா? கவிழ்த்தால் நேரே கொல்லையில் வந்து விழும். போன கார்த்திகையில் எந்த மேட்டிலிருந்து தண்ணீர் பாய்ந்து அவள் மண்ணை அடித்துப்போனதோ, அதே மேட்டிலிருந்து மண் இறங்கியது. "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போடு தம்பி, அங்க பள்ளமா கீது" என்று லோகநாயகி கீழேயிருந்து வேலை வாங்கினாள். அந்தத் தம்பி மாதம் மூன்று லட்சம் சம்பளம் வாங்குகிறவன் என்று செக்யூரிட்டி சொன்னான். வேலை என்னவோ சுமார்தான்.

வெற்றிவேல் எழுதிக் கொடுக்கும் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. ஆடி முதல் வெள்ளி அவள் அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்தாள். கோவளத்திலிருந்து திரும்பிய குமரவேல் கொல்லை ஓரம் வண்டியை நிறுத்தி, மண் தன் பர்மிட்டில் வந்தது, அதற்கு ஏதாவது பார்த்துக் கொடு என்று ஆரம்பித்தான்.

"உன் வயல்லேருந்து தானே வந்துச்சு? போய் அங்க நெல்ல அறுத்து வித்துக்க" என்றாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

இருபத்தாறாம் நாள் முதல் அறுப்பு. அன்று காலையில் ஐசக் மோட்டார் சைக்கிளில் வந்தார். அடங்கல் எழுதும் நாள். மேலிடத்துக்குப் பயந்து இந்தத் தடவை நேரில் வந்திருந்தார். பச்சென்று நிற்கும் கீரையையும் பின்னால் நிற்கும் மூன்று மாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க இன்னா எழுதப் போற சார்?" என்று லோகநாயகி கட்டடத்தைக் காட்டினாள்.

ஐசக் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நெல்லுதான்" என்றார்.

"இங்க?"

"மனை. அடுக்குமாடி... இருபத்தெட்டு வீடு." ஐசக் நோட்டைப் பிரித்துக் காட்டினார். "திருத்தம் மேல போயிருக்கும்மா. வந்ததும் மாத்திடறேன்."

அவள் ஒரு கட்டு அரைக்கீரையை வேரோடு பிடுங்கி, ஒட்டியிருந்த கறுப்பு மண்ணை உதறாமல், அவர் நோட்டின்மேல் வைத்தாள்.

"மூணாவது மாடில முளைச்சது. எடுத்துனு போய் ஆக்கித் துன்னு. துன்னுட்டு எழுது."

ஐசக் அந்தக் கீரையை வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.